சூரியனுக்குக் கஞ்சி போட்ட மயிலிஸ்

மலை உச்சியில் தும்மக் கூடாது. தும்மல் வந்தால் சமையலறைக்கு ஓடி, கதவைச் சாத்திக்கொண்டு, அங்கேதான் தும்ம வேண்டும். போர்வையை வெளியே உதறக் கூடாது. முற்றத்தில் காலைத் தேய்த்துத் தேய்த்து நடக்கக் கூடாது. வெறும் கண்ணால் சூரியனைப் பார்க்கவே கூடாது.

இத்தனை சட்டங்களையும் போட்டவர் மொசியே வெர்தியே. 'மொசியே' என்றால் பிரெஞ்சில் 'ஐயா'. அவர் வானியல் ஆய்வாளர். சட்டம் போடும்போது மட்டும்தான் கறாராக இருப்பார். மற்ற நேரத்தில் ஒரு காலில் நீலக் காலுறையும் மறு காலில் பழுப்புக் காலுறையும் போட்டுக்கொண்டு நடமாடும் சாதுவான மனிதர்.

இது உங்கள் கொள்ளுத்தாத்தா காலத்தில் நடந்தது. பிரான்சு நாட்டின் தெற்கு எல்லையில் பிரனீஸ் மலைத்தொடர் இருக்கிறது. அங்கே ஒரு சிகரத்தின் உச்சியில் அந்த வான்நோக்கு நிலையம் இருந்தது. கல், மரம், கண்ணாடி என்று எல்லாவற்றையும் மனிதர்களும் கோவேறு கழுதைகளும் முதுகில் சுமந்துபோய்க் கட்டியது. கீழே ஊரில் யாரைக் கேட்டாலும், "முதல் கல்லைச் சுமந்தது எங்க தாத்தாதான்" என்பார்கள். அந்தக் கட்டடத்துக்கு எத்தனை முதல் கல்லோ!

பத்து வயது மயிலிஸ் கோடை விடுமுறை முழுவதும் அங்கேதான் இருப்பாள். அவள் அம்மா நொயெலிதான் நிலையத்தின் சமையல்காரர். விளையாட வேறு பிள்ளைகள் இல்லை. மினெட் என்ற பொம்மை இருந்தது. அப்புறம் மொசியே வெர்தியே இருந்தார்.

"ஐயா, ராத்திரிதானே நட்சத்திரம் தெரியும்? நீங்க ஏன் பகல்ல பாக்கறீங்க?" என்று முதல் நாளே கேட்டாள் மயிலிஸ்.

"நான் பாக்கறதும் நட்சத்திரம்தான். ரொம்பப் பக்கத்துல இருக்கற நட்சத்திரம். சூரியன்! அதோட தலையில ஒரு கிரீடம் இருக்கு, தெரியுமா?"

முழுச் சூரிய கிரகணத்தின்போது நிலா சூரியனை மறைத்துவிடும். அந்தச் சில நிமிடங்கள் மட்டும் சூரியனைச் சுற்றி ஒரு வெள்ளிக் கிரீடம் தெரியும். அதைப் பார்க்க ஆய்வாளர்கள் கப்பலேறித் தீவு தீவாக அலைவார்கள். போய்ச் சேர்ந்த அன்று மேகம் மூடிக்கொண்டால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான்.

"நிலா வர்ற வரைக்கும் நாம ஏன் காத்துக்கிட்டு இருக்கணும்?" என்றார் மொசியே வெர்தியே. "நீளமா ஒரு குழாய். அதுக்குள்ள சின்னதா ஒரு உலோகத் தட்டு. அதுதான் என் நிலா. சூரியனை அது மறைச்சுடும். கிரீடத்தோட அடியில எழும்பற தீக்கொழுந்து கண்ணுக்கே தெரியும். கிரீடத்தைப் படம் பிடிச்சுக்கலாம்."

"அப்போ தும்மினா என்ன?"

"குழாய்க்கு முன்னால ஒரு கண்ணாடி இருக்கில்ல? அதுல ஒரே ஒரு தூசி உக்காந்தாலும் வெயில்ல விளக்கு மாதிரி எரியும். அப்புறம் கிரீடமாவது, கொழுந்தாவது!"

அந்தக் கண்ணாடியை அவர் துடைக்கும் விதம்தான் மயிலிஸுக்கு ரொம்பப் பிடித்தது. தினமும் காலையில் விரலால் மூக்கின் ஓரத்தைத் தேய்ப்பார். அந்த விரலை ஒரு பழைய துணியில் ஒற்றுவார். அதைக் கொண்டு கண்ணாடியை மெதுவாக வட்டம் வட்டமாகத் துடைப்பார்.

"மூக்கு எண்ணெயா!" என்று மயிலிஸ் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"சிரிக்காத. கடைசித் தூசியைப் பிடிக்கறதுக்கு ரொம்ப ரொம்ப மெல்லிசான எண்ணெய் வேணும். கடை எண்ணெய் எல்லாம் இதுக்குத் தடி."

இதை மயிலிஸ் அம்மாவிடம் போய்ச் சொன்னபோது, "போடி, படிச்சவர் அப்படியெல்லாம் செய்வாரா?" என்று அம்மா நம்பவே இல்லை.

ஆகஸ்ட் மாதத்தில் ஒரு நாள் கழுதைக்காரர் பாப்திஸ்த் செய்தியோடு மேலே வந்தார். மறுநாள் பாரிஸிலிருந்து பேராசிரியர் மொலினார் வருகிறாராம்.

மொசியே வெர்தியேவின் முகம் வெளுத்துவிட்டது.

"யார் அவர்?" என்று கேட்டாள் மயிலிஸ்.

"சூரியனை நிலாவைத் தவிர வேற எதுவும் மறைக்க முடியாதுன்னு சொல்றவர். அவர் வந்து பாத்து, 'ஆமா, தெரியுது'ன்னு சொன்னா என் வேலை தொடரும். ஒண்ணும் தெரியலைன்னா, இந்தக் குழாயைக் கழட்டி பாப்திஸ்தோட கழுதை மேல ஏத்த வேண்டியதுதான். நானும் பின்னாலயே நடந்து போயிடுவேன்."

மொசியே வெர்தியே இல்லாத மலையை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அன்று நிலையம் முழுவதும் ஒரே ரகளை. அம்மா தரையைத் தேய்த்தாள், பாத்திரங்களைப் பளபளக்க வைத்தாள், மேசைவிரிப்புகளைத் துவைத்து உருளைக்கிழங்கு மாவுக் கஞ்சியில் முக்கி எடுத்தாள். மயிலிஸுக்கும் ஏதாவது செய்ய வேண்டும்போல் கை பரபரத்தது. அப்போதுதான் குழாய் இருந்த கோபுரத்தின் கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கிய அந்தத் துணி அவள் கண்ணில் பட்டது. மொசியே வெர்தியேவின் கண்ணாடித் துணி. சாயம் போய், ஓரம் நைந்து, பார்க்கவே பாவமாக இருந்தது.

'பாரிஸிலிருந்து அவ்வளவு பெரிய மனிதர் வருகிறார். இந்தக் கந்தலையா காட்டுவது?'

மயிலிஸ் அதை எடுத்துத் துவைத்தாள். அம்மாவின் கஞ்சியில் நன்றாக முக்கினாள். காய்ந்ததும் இஸ்திரி போட்டு, நான்காக மடித்து, ஆணிக்குக் கீழே இருந்த பலகையில் வைத்தாள். துணி அப்பளம்போல் மொடமொடவென்று இருந்தது. அவளுக்கு அவ்வளவு திருப்தி!

மறுநாள் வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. பேராசிரியர் மொலினார் காலையிலேயே வந்து சேர்ந்தார். பாப்திஸ்தின் கழுதை வழியில் படுத்துவிட்டதால் பாதி மலையை நடந்தே ஏறியிருந்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"மத்தியானம் நான் இறங்கியாகணும். சீக்கிரம் காட்டுங்க," என்றார்.

மொசியே வெர்தியே அன்று சவரம் செய்து, முகத்தை லாவண்டர் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, இரண்டு கால்களிலும் ஒரே நிறக் காலுறை போட்டிருந்தார். பேராசிரியரிடம் பேசிக்கொண்டே துணியை எடுத்தார். படபடப்பில் அது மொடமொடத்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை; மூக்கைத் தேய்க்கவும் மறந்துவிட்டார். கண்ணாடியைப் பரபரவென்று துடைத்தார். குழாயைத் திருப்பினார்.

பேராசிரியர் குனிந்து பார்த்தார்.

"என்ன தெரியுது?" என்று ஆவலோடு கேட்டார் மொசியே வெர்தியே.

"பால்."

"என்னது?"

"ஒரு கிண்ணம் நிறையப் பால் தெரியுது. வேற ஒண்ணும் இல்லை."

மொசியே வெர்தியே ஓடிப்போய்ப் பார்த்தார். எங்கும் ஒரே வெள்ளை. குழாயின் முன்பக்கம் போய்க் கண்ணாடியைப் பார்த்தார். அதன்மேல் வெள்ளைப் பொடி படிந்திருந்தது. துணியை முகர்ந்தார்.

"உருளைக்கிழங்கு வாசனை வருதே!"

வாசலில் நின்ற மயிலிஸுக்கு ஓடிப்போய்க் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்ளலாமா என்று தோன்றியது. ஆனால் மொசியே வெர்தியே அந்தத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு விழித்த விழியைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை.

"ஐயா, நான்தான் கஞ்சி போட்டேன். துணி ரொம்பக் கந்தலா இருந்துது. அழகா இருக்கட்டுமேன்னு..."

பின்னால் நின்ற பாப்திஸ்த், "நல்லவேளை, சூரியனுக்கும் இஸ்திரி போடாம விட்டியே," என்று முணுமுணுத்தார்.

மொசியே வெர்தியே பெருமூச்சு விட்டார். "உன் மேல தப்பில்லை. கந்தலாத்தான் இருக்கணும்னு நான் சொல்லவே இல்லையே." கண்ணாடியை உருகிய பனித் தண்ணீரால் பதமாகக் கழுவினார். "பொடி போயிடுச்சு. ஆனா கடைசியாத் துடைக்கணுமே, அதுக்கு என்ன செய்யறது?"

அம்மா ஓடிப்போய்ப் புத்தம்புதிய கைக்குட்டைகளைக் கொண்டுவந்தாள்.

"புதுசு வேண்டாம் நொயெலி, பஞ்சு உதிரும். பழைய லினன் துணியா இருக்கணும். துவைச்சுத் துவைச்சு உதிர்றதுக்கு ஒண்ணுமே மிச்சம் இருக்கக் கூடாது. இந்தத் துணியை அலசிக் காயவைக்க நேரமில்லை. அதோ பாருங்க."

கீழே பள்ளத்தாக்கில் மேகம் பொங்க ஆரம்பித்திருந்தது. மத்தியானத்துக்குள் அது மேலே ஏறிவிடும்.

மயிலிஸ் யோசித்தாள். துவைத்துத் துவைத்து நைந்த துணி. அப்படிச் சும்மா சும்மா துணி துவைக்கிறவர்கள் யார்?

சட்டென்று திரும்பிக் கீழே ஓடினாள். முற்றத்தில் மட்டும் காலைத் தேய்க்காமல் நடந்தாள். திரும்பி வரும்போது கையில் பொம்மையின் கவுன் இருந்தது.

"இது மினெட்டோட கவுன். அம்மா பழைய படுக்கை விரிப்புல தச்சுக் குடுத்தாங்க. மினெட் தினமும் சேத்துல விழுவா. நான் தினமும் துவைப்பேன். இதுக்குக் கஞ்சி போட்டதே இல்லை, சத்தியமா!"

மொசியே வெர்தியே அதை விரலால் தடவினார். வெளிச்சத்தில் பிடித்து உதறினார். ஒரு நூல்கூடப் பறக்கவில்லை. அவர் முகம் மலர்ந்தது.

"மினெட்டுக்கு என் வணக்கத்தைச் சொல்லு!" என்றபடியே விரலால் மூக்கின் ஓரத்தைத் தேய்த்தார். அப்படியே நின்றுவிட்டார். மறுபடியும் தேய்த்தார். மூக்கு சிவந்ததே தவிர வேறொன்றும் நடக்கவில்லை.

"சோப்பு!" என்று அலறினார். "நானும் கழுவித் தொலைச்சுட்டேனே!"

"என்னதான் நடக்குது இங்க?" என்றார் பேராசிரியர்.

அம்மா தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தாள். அதில் ரொட்டி மாவு. பாப்திஸ்த் தன் பெரிய மூக்கை ஆசையோடு நீட்டினார்.

"நீ வேண்டாம்ப்பா. மூக்குப்பொடி போடற ஆளு," என்று மொசியே வெர்தியே பின்வாங்கினார்.

மயிலிஸின் மூக்கோ மலைக்காற்றில் காய்ந்து தோல் உரிந்து கிடந்தது. அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். ஒரே ஒரு மூக்குதான் பாக்கி. பாதி மலையை வெயிலில் நடந்தே ஏறி, இன்னும் கழுவப்படாமல், தோசைக்கல்லைப்போல் மினுமினுத்துக்கொண்டிருந்தது.

அவள் பேராசிரியர் முன்னால் போய் நின்றாள்.

"ஐயா, கோவிச்சுக்காதீங்க. உங்க மூக்கு கொஞ்சம் வேணும்."

அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"என் மூக்கா?"

"ஓரத்துல மட்டும் போதும், ஐயா. ரொம்ப நல்ல மூக்கு. எண்ணெய் வழியுது."

பேராசிரியர் மொசியே வெர்தியேவைப் பார்த்தார். "வெர்தியே, இது விளையாட்டா?"

"இல்லைங்க. நிஜமாவே அதுதான் வழி."

பேராசிரியர் மயிலிஸைப் பார்த்தார். பிறகு கீழே பொங்கும் மேகத்தைப் பார்த்தார். மெதுவாக விரலைத் தூக்கி, மூக்கின் ஓரத்தில் அழுத்தித் தேய்த்து, பொம்மைக் கவுனில் ஒற்றினார்.

மொசியே வெர்தியே வட்டம் வட்டமாகத் துடைத்தார். இந்த முறை ஒரு வார்த்தை பேசவில்லை. மற்றவர்கள் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நின்றார்கள். குழாய் மறுபடியும் சூரியனைப் பார்த்துத் திரும்பியது.

பேராசிரியர் குனிந்தார். குனிந்தவர் நிமிரவே இல்லை.

"ஐயா, பாலா?" என்று பயந்துகொண்டே கேட்டாள் மயிலிஸ்.

"உஷ்!" பிறகு, வேறு யாரோ பேசுவதுபோல் மெல்லிய குரல் வந்தது. "சிவப்பா இருக்கு. விளிம்புல கொழுந்து விட்டு எரியுது. வளைஞ்சு திரும்பவும் உள்ள விழுது. இதைப் பாக்கறதுக்கு நான் மூணு தடவை கப்பலேறிப் போயிருக்கேன். மூணு தடவையும் மேகம்."

அவர் நிமிர்ந்தபோது கண்கள் கலங்கியிருந்தன. எரிந்து விழ வந்த மனிதர் கண்கலங்கி நிற்பதைப் பார்த்ததும் மயிலிஸுக்கு அவரை மிகவும் பிடித்துப்போயிற்று.

"மேகம் வர்றதுக்குள்ள கிரீடத்தைப் படம் எடுங்க, வெர்தியே. எத்தனை முடியுமோ அத்தனை. குழாயை யாரும் கழட்டப் போறதில்லை. அதுக்கு முன்னால இந்தப் பொண்ணு ஒரு தடவை பாக்கட்டும்."

மயிலிஸ் ஒரு முக்காலியின் மேல் ஏறிப் பார்த்தாள். கறுப்பு வட்டம். அதன் ஓரத்தில், அடுப்பின் வாயிலிருந்து எட்டிப் பார்ப்பதைப்போல், சின்னச் சின்னச் சிவப்புத் தீ. முக்காலியிலிருந்து இறங்க அவளுக்கு மனமே வரவில்லை.

மேகம் வந்து எல்லாவற்றையும் மூடிய பிறகு, எல்லோரும் சமையலறையில் கஞ்சி போட்ட மேசைவிரிப்பைச் சுற்றி உட்கார்ந்து முட்டைக்கோஸ் சூப் குடித்தார்கள். பேராசிரியர் இரண்டு முறை வாங்கிக் குடித்தார்.

"எல்லா விஷயத்துலயும் மூக்கை நுழைக்கிறேன்னு என் மனைவி நாற்பது வருஷமாத் திட்டறா," என்றார் அவர். "இனிமே திட்டட்டும், பாத்துக்கறேன்."

பாப்திஸ்த் சிரித்த சிரிப்பில் சூப் புரையேறித் தும்மினார். நல்லவேளை, சமையலறைக் கதவு சாத்தியிருந்தது.

கிளம்பும்போது முகம் கழுவ அம்மா லாவண்டர் சோப்பை நீட்டினாள்.

"வேண்டாம்மா," என்று பேராசிரியர் அவசரமாக மூக்கைப் பொத்திக்கொண்டார். "இதை இப்படியே பாரிஸுக்குக் கொண்டு போறேன்."

மினெட்டின் கவுன் அன்றிலிருந்து கோபுர ஆணியில் தொங்கியது. அது இனி மொசியே வெர்தியேவுடையது. அதற்குப் பதிலாக அந்தக் கஞ்சி போட்ட துணி மினெட்டுக்குக் கிடைத்தது. மயிலிஸ் அதன் நடுவில் ஓட்டை போட்டு, பொம்மையின் இடுப்பில் மாட்டிவிட்டாள். பாவாடை மடங்கவே இல்லை. நாலா பக்கமும் விறைப்பாக விரிந்து நிற்க, மினெட் நடுவில் சூரியனைப்போல் ஜம்மென்று உட்கார்ந்திருந்தாள்.