பதினேழாம் எண் கட்டுரை

“படுதாவை இறக்குங்க சார்... சாரல் உள்ள அடிக்குது!”

“இறக்கினா வெளியில என்ன நடக்குதுன்னு எப்படித் தெரியும்?”

“வெளியில மழை பெய்யுது. அதான் நடக்குது.”

அவன் திரும்பிப் பார்த்தான். நல்ல கறுப்பு. நெற்றியில் ஒட்டிக்கிடந்த ஈர முடி. அதற்குக் கீழே இரண்டு கண்கள்... கோபிக்கலாமா, சிரிக்கலாமா என்று யோசிப்பது போல. மங்களாம்பிகை சட்டென்று பார்வையை மடியில் இருந்த காகிதக் கட்டின் மேல் இறக்கிக்கொண்டாள். ஏன் இறக்கினோம் என்று அவளுக்கே விளங்கவில்லை.

எழுபத்திரண்டாம் வருஷம், ஐப்பசி. கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் போகும் பஸ் அய்யம்பேட்டைக்கு முன்னால் அரை மணி நேரமாக நின்றுகொண்டிருந்தது. நடவுக்கூலி கேட்டு ஆண்களும் பெண்களும் கொட்டுகிற மழையில் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். அவனுடைய கண் அங்கேயே இருந்தது. அவளுடைய கவலையெல்லாம் கட்டு நனையக் கூடாது என்பதுதான்.

“சார்... இதுல இருபத்திமூணு பேரோட உழைப்பு இருக்கு. நனைஞ்சா நான்தான் பதில் சொல்லணும்.”

“அங்க இருநூறு பேரு நனையறாங்க. அதுக்கு யாரு பதில் சொல்றது?”

வாய்க்கு வாய் பேசுகிறவனிடம் என்ன சொல்ல? அவளே எழுந்து கயிற்றை இழுத்தாள். அவனும் ஒரு கை கொடுத்தான். படுதா இறங்கியது, கட்டும் மடியிலிருந்து இறங்கியது. பஸ் முழுக்கக் காகிதம்!

“ஐயையோ...!”

அவன் குனிந்து, ஈரம் படாத கைக்குட்டையால் ஒவ்வொரு தாளாக ஒற்றி அடுக்கினான். அடுக்கிக்கொண்டே வந்தவன் ஒரு தாளில் நின்றான். ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்ததை மெல்ல வாய்விட்டுப் படித்தான்.

“ ‘இதை எழுதியவர் ஒரு நாளாவது வரப்பில் நடந்திருப்பாரா?’ ... யாருங்க இதை எழுதினது?”

“அது ரகசியம். குடுங்க.”

“சிவப்பு மை உங்க விரல்லயே இருக்கே.”

மூக்கு நுனி சிவந்தது அவளுக்கு. அவன் செருப்பைக் கழற்றினான். பாதத்தைச் சற்றே தூக்கிக் காட்டினான். விரலிடுக்கெல்லாம் பழைய தழும்பு.

“பத்து வயசுல வந்த சேத்துப்புண்ணு. திருத்துறைப்பூண்டிப் பக்கம், பண்ணையில வேலை பார்த்தவங்க நாங்க. வரப்புல நடக்கல... வரப்பையே நாங்கதான் போட்டோம். இந்தக் கட்டுரை என்னோடதுங்க.”

மங்களாம்பிகை இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

“சொல்லாதீங்க! எழுதினது யாருன்னு எனக்குத் தெரியவே கூடாது!”

“மருதையன். தஞ்சாவூர்ல காலேஜ் வாத்தியார்.”

“சொல்லாதீங்கன்னு சொல்றேன்ல!”

இப்போது அவன் சிரித்துவிட்டான். பாழாய்ப்போன சிரிப்பு... அது தஞ்சாவூர் வரைக்கும் அவளோடு வந்தது.

அவள் காதைப் பொத்தியதற்குக் காரணம் இருந்தது. கீழக்காவிரி வரலாற்றுக் கழகம் வருஷத்துக்கு ஒரு மாநாடு கூட்டும். இந்த வருஷம் தை மாதம், தஞ்சாவூரில். மாநாடு என்றால் சும்மாவா? கட்டுரை தேர்ந்தெடுக்க ஒரு குழு, வருகிறவர்களைத் தங்கவைக்க ஒரு குழு, சோறு போட ஒரு குழு. இத்தனை குழுவையும் மேய்க்க மாநாட்டுக் குழு என்று தலைக்கு மேல் இன்னொரு குழு. ஒரு குழுவின் வேலையில் இன்னொரு குழு மூக்கை நுழைக்கக் கூடாது. கட்டுரைகளில் பெயரை பிளேடால் வெட்டி எடுத்துவிட்டு எண் மட்டும் போட்டுத்தான் தேர்வுக் குழுவுக்குத் தருவார்கள். தப்பித் தவறி எழுதியவர் யாரென்று தெரிந்து, அவரோடு உறுப்பினருக்கு உறவோ நெருக்கமோ இருந்தால் ஏழாம் விதி பாயும். அந்த எண் வரும்போது எழுந்து வெளியே போய்விட வேண்டும். அப்போது யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். முடிவானபின் காரணத்தைச் சொல்ல வேண்டும், அது கூட்டக் குறிப்பேடான மினிட்ஸில் ஏறும்.

தேர்வுக் குழுவிலேயே இளையவள் மங்களாம்பிகை. பெண்கள் கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறவள். எந்த ராஜா எந்த வருஷம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். ஆனால் இது மட்டும்... பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்ததெல்லாம் நெருக்கமா? இல்லை. அப்படியானால் அந்தச் சிரிப்பு ஏன் போக மாட்டேன் என்கிறது?

திருவிடைமருதூருக்குப் பக்கத்தில் இருந்த தன் வீட்டில் உட்கார்ந்து பதினேழாம் எண் கட்டுரையை மறுபடி படித்தாள். தலைமுறை தலைமுறையாகக் குத்தகைக்கு உழுதும், அரசாங்கம் புதிதாகத் திறந்த குத்தகைப் பதிவேட்டில் பெயர் ஏறாதவர்களைப் பற்றியது. நாலாம் பக்கத்தில், முதல் தடவை அவசரத்தில் கவனிக்காமல் விட்ட ‘மதகடி நாலு மா’ என்று ஒரு நிலம் வந்தது. அவளுக்குச் சுரீர் என்றது. அந்த நிலம் அவள் அப்பா இராஜாங்கத்தினுடையது.

கொல்லையில் சாணி அள்ளிக்கொண்டிருந்த காத்தாயியிடம் போய்க் கேட்டாள். “மதகடி நிலத்தை எத்தனை வருஷமா நீங்க உழுவறீங்க?”

“எங்க மாமனாரு காலத்துலேருந்தும்மா.”

“பதிவேட்டுல பேரு இருக்கா?”

காத்தாயி சுற்றுமுற்றும் பார்த்தாள். “அதெல்லாம் எதுக்கும்மா இப்ப... ஐயா காதுல விழப்போவுது.”

அதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்? சிவப்பு மையை அழிக்க முடியவில்லை. அதன் பக்கத்திலேயே சின்னதாக எழுதினாள்: ‘நடந்திருக்கிறார்.’

அடுத்த வாரம் எல்லாக் குழுக்களும் கூடின. தங்குமிடக் குழுவின் பக்கத்தில்... அவன்! எத்தனை அறை, எத்தனை பாய் என்று ஒப்பித்துக்கொண்டிருந்தவன் அவளைப் பார்த்ததும் பாயில் பத்தைக் கூட்டிச் சொல்லிவிட்டான். தேநீர் வேளையில் பக்கத்தில் வந்து நின்றான்.

“நான் யாருன்னு உங்களுக்குத் தெரியக் கூடாதே... மறந்துட்டீங்களா?”

“முயற்சி பண்றேன்.”

“முடியுதா?”

“நீங்க இப்படி வந்து வந்து நின்னா எப்படி முடியும்?”

அன்றும் மழை. தாழ்வாரத்து ஓட்டிலிருந்து நீர் சரம் சரமாக விழுந்தது. இருவர் கையிலும் டீ ஆறிக்கொண்டிருந்தது. அவனுடைய அம்மா வேம்பு, மகன் வாத்தியாரான பிறகும் நடவுக்குப் போகிறாளாம். ‘நீ பாடம் எடுக்கறத நான் நிறுத்தச் சொன்னேனா?’ என்று கேட்கிறாளாம். மங்களாம்பிகை கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பேசிய நேரம் கால் மணிகூட இருக்காது. அது மூன்று கூட்டத்துக்குத் தொடர்ந்தது.

நாலாவது கூட்டத்தில்தான் வினை. சாப்பாட்டுக் குழுக்காரர் எழுந்து, “மூணு நாள் சாப்பாட்டுக்கும் கிச்சிலிச்சம்பா அரிசி நம்ம மங்களாம்பிகையோட அப்பா இராஜாங்கம் அவர்கள் தர்றாங்க” என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். மருதையன் கை மட்டும் மேசையிலேயே கிடந்தது.

வாசலில் அவளை மறித்து நின்றான். முகத்தில் பழைய சிரிப்பில்லை.

“மதகடி நாலு மா... உங்க வீட்டு நிலமா?”

“ஆமா.”

“அப்ப எனக்கு ஓட்டுப் போட்டுடாதீங்க. மிராசுதார் வீட்டுப் பொண்ணு இரக்கப்பட்டுத்தான் என் கட்டுரை மேடை ஏறிச்சுன்னு ஒருத்தன் சொன்னாலும் எனக்குப் பொறுக்காது. எங்கம்மா காலமெல்லாம் இரக்கம் வாங்கிட்டாங்க. போதும்.”

“நான் இரக்கம்னு சொன்னேனா...?”

அவன் நிற்கவில்லை. அவள் வீடு வந்து சேர்ந்தாள். கண் எரிந்தது. அவனுக்குத் திமிர் என்று நினைத்தாள். இல்லை, அவன் சொன்னதில் என்ன தப்பு என்றும் நினைத்தாள். ஒரே மனசுக்குள் எத்தனை குழு! ஒன்று சொல்வதை இன்னொன்று ஒத்துக்கொள்ள மாட்டேன் என்றது.

போதாதென்று வீட்டில் அப்பா. கூடத்து மேசையில் இருந்த அந்தக் கட்டுரையை எடுத்துப் படித்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“என் சோத்தைத் தின்னுட்டு என்னையே திட்டறதுக்கு மேடையா? இந்தக் கட்டுரை ஏறக் கூடாது. ஏறினா ஒரு படி அரிசி இங்கேருந்து போகாது. நீயும் அந்தக் குழுவுல இருக்கேதானே... புரியுதா?”

“அதுல எழுதியிருக்கறது நெசம்தானேப்பா?”

இராஜாங்கம் தாள்களை மேசைமேல் போட்டார். கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டார். அவர் திட்டியிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

தேர்வு நாள் வந்தது. கார்த்திகையாகியும் மழை விட்டபாடில்லை. தலைவர் பேராசிரியர் வைத்தியலிங்கம் நடுவில். மினிட்ஸ் எழுத மீரா சாகிப். ஓட்டுப் போட ஐந்து உறுப்பினர்கள். தலைவருக்கு ஓட்டு இல்லை, சமமாக நின்றால் மட்டும் அவர் சொல்வதுதான் முடிவு. தாழ்வாரத்தில் அறைப் பட்டியல் கட்டை வைத்துக்கொண்டு, தங்குமிடக் குழுவைக் கூப்பிடுவதற்காக மருதையன் காத்திருந்தான். திறந்த கதவு வழியாக அவனுடைய தோள் மட்டும் தெரிந்தது.

“எண் பதினேழு.”

உறுப்பினர் நடராசன் முந்திக்கொண்டார். “இது ஆராய்ச்சியா, ஆர்ப்பாட்டமா? வேணாம்.” இன்னொருவரும் வேண்டாம் என்றார். இரண்டு பேர் வேண்டும் என்றார்கள். எல்லாக் கண்ணும் மங்களாம்பிகை மேல் விழுந்தது.

அவள் கையைத் தூக்கினால் போதும், ஜெயம். கட்டுரை நிஜம். அதற்கு அவளே சாட்சி. ஆனால்... தூக்குகிற கை காத்தாயிக்காகவா, அந்தக் கண்களுக்காகவா? தன் கையைத் தானே நம்ப முடியவில்லை அவளுக்கு. தூக்காவிட்டால் இரண்டுக்கு இரண்டு. பிறகு வைத்தியலிங்கம் கையில். அவரோ அப்பாவின் பால்ய சிநேகிதர், அறுவடைக்கு அறுவடை அவர்கள் வீட்டுப் பந்தியில் உட்காருகிறவர். கட்டுரை போயே போச்சு!

அவள் எழுந்தாள். நாற்காலியைச் சத்தமில்லாமல் தள்ளிவிட்டு வெளியே வந்தாள்.

மருதையன் திகைத்துப்போய்ப் பார்த்தான்.

“என்னங்க ஆச்சு?”

“உங்க எண்ணு. ரெண்டுக்கு ரெண்டு. எழுந்து வந்துட்டேன்.”

“எழுந்து வந்துட்டீங்களா! உங்க ஓட்டு இருந்தா ஜெயிச்சிருக்குமே...”

“நீங்கதானே போடாதீங்கன்னீங்க?”

“சொன்னேன்... அதுக்காக...” கையிலிருந்த பட்டியல்களை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான். “அப்ப எனக்காகத்தான் வந்தீங்களா? கோவமா?”

“ஏழாம் விதிங்க.”

“அது உறவுக்காரங்களுக்கும் நெருக்கமானவங்களுக்கும் இல்ல? நமக்குள்ள என்ன இருக்கு?”

மழையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “அதான் எனக்கும் தெரியல... பஸ்ல பார்த்தேன், மூணு நாள் டீ குடிச்சோம், ஒரு நாள் சண்டை. இவ்வளவுதான். ஆனா கையைத் தூக்கப் போனா, கை என்னோடதா இல்ல. ஒண்ணும் இல்லேன்னா அது ஏங்க அப்படி ஆவணும்?”

அவன் பதில் சொல்வதற்குள் உள்ளே மணி அடித்தது. கூப்பிடுகிறார்கள். அவனைத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய் உட்கார்ந்தாள்.

வைத்தியலிங்கம் தாளை நிமிர்த்தினார். “எண் பதினேழு. சமமா நின்னுது. நான் சேர்த்துக்கச் சொல்லிட்டேன். ரெண்டாம் நாள் காலை, முதல் கட்டுரை.”

மங்களாம்பிகைக்கு மூச்சு வந்தது. நடராசன் விடவில்லை. “ஐயா... இது ஏறினா இராஜாங்கம் அரிசி தர மாட்டாராம். நூத்தம்பது பேருக்கு என்ன செய்யறது?”

“அது சாப்பாட்டுக் குழு வேலை. நம்ம குழு வேலை கட்டுரை நல்லா இருக்கான்னு பார்க்கறது. நல்லா இருக்கு.” சொல்லிவிட்டு அவள் பக்கம் திரும்பினார். குரல் தணிந்தது. “அம்மா, காரணம் எழுதணும். உங்கப்பாவோட நிலம் அதுல வருது, அதனாலதான் எழுந்தேன்னு போட்டுக்கலாமா?”

நல்ல வழி. கௌரவமான வழி. தலையை ஆட்டினால் போதும்... சாயங்காலம் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். அப்பா முகத்தை நேராகப் பார்க்கலாம். ஒரு மாதமாகக் குழம்பிக் கிடந்த மனசு அந்தக் கணத்தில்தான் ஒரு கட்சிக்கு வந்தது.

“அதுக்காக எழுந்துக்கலைங்கய்யா. கட்டுரை எழுதினவருக்காக எழுந்தேன்.”

மீரா சாகிப்பின் பேனா நின்றது. “உறவாம்மா?”

“இன்னும் இல்லீங்க.”

வெளியே தாழ்வாரத்தில் சடசடவென்று ஏதோ விழுந்த சத்தம். மீரா சாகிப் கண்ணாடிக்கு மேலாகத் தலைவரைப் பார்த்தார். தலைவர் மேசையைப் பார்த்தார்.

“எழுதுங்க சாகிப். என்ன சொன்னாங்களோ அப்படியே எழுதுங்க.”

பேனா ஓடி முடிந்தது.

“ஐயா... இன்னொரு தடவை வெளிய போகலாங்களா?”

“போம்மா. அதுக்கு விதியில தடை ஒண்ணும் இல்லே.”

தாழ்வாரமெங்கும் அறைப் பட்டியல்கள் சிதறிக் கிடந்தன. மருதையன் மண்டியிட்டுப் பொறுக்கிக்கொண்டிருந்தான். பொறுக்கிய தாளும் கையில் நிற்காமல் நழுவியது. மங்களாம்பிகை எதிரே உட்கார்ந்து, முந்தானையால் ஒவ்வொரு தாளாக ஒற்றி அடுக்கினாள்.

“கட்டுரை ஜெயிச்சிடுச்சுங்க. தலைவர் போட்டது. நான் போடல.”

அவன் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. கண்கள் கலங்கியிருந்தன.

“நெசமாத்தான் சொன்னீங்களா? உங்கப்பா... எங்க தெரு... எல்லாம் யோசிச்சீங்களா? எனக்கு அன்னிக்கு பஸ்லயே மனசு போயிடுச்சுங்க. நமக்கு ஆவாதுன்னுதான் முறைச்சுக்கிட்டுத் திரிஞ்சேன். நீங்க அவசரத்துல சொல்லியிருந்தா இப்பவே மாத்திக்கலாம். நான் தப்பா நினைக்க மாட்டேன்.”

“மாத்த முடியாதுங்க.” அடுக்கிய தாள்களை அவன் கையில் வைத்தாள். “மினிட்ஸ்ல ஏறிடுச்சு. மாத்தணும்னா பொதுக்குழுவைக் கூட்டணும்.”

மருதையன் அவளையே பார்த்தான். பிறகு அதே பாழாய்ப்போன சிரிப்பு, மெல்ல மெல்ல...

“கூட்டவே வேணாங்க” என்றான்.