ஊட்டும் எறும்புகள்

சோறு இல்லை. காலையில் மூன்று பேருக்கு அளந்து வைத்துவிட்டுப் போன ரைஸ் குக்கரை சிகுசா மாலை ஐந்து மணிக்குத் திறந்தபோது, அடியில் ஒட்டிக் காய்ந்த நாலைந்து பருக்கைகள்தான் இருந்தன. ஜூன் மழை மூன்றாம் நாளாக ஓட்டின்மேல் விடாமல் இறங்கிக்கொண்டிருந்தது. ஈரம் ஏறிய தாதாமிப் பாயின் புல்வாசனை வீடு முழுக்கப் புழுங்கி நின்றது.

"என்னங்க, சோத்தை யாரு தின்னு தீர்த்தது?"

"அண்ணன்தான். பசின்னாரு" என்றான் தகெயோ, செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காத அவள் கணவன்.

தகெயோவுக்கு அண்ணன் கிடையாது.

உள்ளறையின் தாள் கதவைத் தள்ளினாள். மங்கிய வெளிச்சத்தில், வெளுத்துப் பருத்த ஒருவன் மடியில் கைகளைப் போட்டுக்கொண்டு, வாயை லேசாகத் திறந்தபடி உட்கார்ந்திருந்தான். அவள் கத்தியிருப்பாள். ஆனால் அதற்குள் அவனுடைய வாசனை வந்துவிட்டது: தகெயோவின் சட்டைக் காலர், பிறந்த வாரத்தில் மகள் வகானாவின் உச்சந்தலை, இந்த வீட்டுத் தலையணைகள் எல்லாம் ஒன்றாய்க் கலந்த வாசனை. வந்த கத்தல் தொண்டையிலேயே கரைந்துபோனது.

அது என்னவென்று அவளுக்குத் தெரியும். அவள் வேலை பார்த்த பூச்சிக் காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கறுப்பெறும்புக் கூடு இருந்தது. அதில் ஒரு பட்டாம்பூச்சியின் புழு எறும்பின் வாசனையைப் பூசிக்கொண்டு கிடக்கும். எறும்புகள் அதை வீட்டுப் பிள்ளை என்று நம்பி, வாயோடு வாய் வைத்து ஊட்டும். அந்த ஊட்டலில்தான் கூட்டின் வாசனை பரவும்; அது இல்லாததை எறும்புகள் வெளியே கொண்டுபோய்ப் போட்டுவிடும். பள்ளிப் பிள்ளைகளுக்கு இதை எத்தனையோ முறை விளக்கியிருக்கிறாள்.

கூடத்துக்கு வந்து தெருமுனைக் காவல் சாவடிக்கு போன் போட்டாள்.

"வீட்டுக்குள்ள ஒரு ஆளு வந்து உக்காந்திருக்கான்."

"யாரும்மா அது?"

"என் புருஷனோட அண்ணன்" என்றது அவள் வாய்.

"அப்ப என்னம்மா பிரச்சினை?"

"ஒண்ணுமில்லைங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மறுநாளிலிருந்து அவள் வேலைக்குப் போகவில்லை. காலையில் ஒரு குக்கர், மதியம் ஒரு குக்கர். உள்ளறையில் இருந்தவன் இரண்டு விரல்களால் அவள் மணிக்கட்டை மெல்லத் தட்டுவான், அவள் ஊட்டுவாள். அவன் விழுங்கும் ஓசை சுவர்களுக்குள்ளிருந்து வருவது போலிருக்கும். பயம் எங்கோ இருந்தது. பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி, சொல் புரியாமல், தூரமாய்.

"அம்மா, எனக்கு?" வகானா தட்டை நீட்டினாள்.

"இருடி. பெரியப்பா சாப்பிடட்டும்."

"அவரு பெரியப்பா இல்ல. அவருக்குப் பல்லே இல்லம்மா."

சிகுசா அவன் வாய்க்குள் பார்த்தாள். இல்லைதான். அடுத்த பிடியிலிருந்து சோற்றைக் குழைய மென்று, தன் வாயிலிருந்து அவன் வாய்க்குக் கொடுத்தாள். அதிலும் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

வகானாவின் முழங்கை எலும்பு துருத்தத் தொடங்கியது. அழுவதையும் நிறுத்திவிட்டாள்.

ஞாயிறு பிற்பகல் அந்தக் குழந்தை அவள் ஏப்ரனைப் பிடித்து இழுத்தது. குனிந்தாள். சோப்பு, வியர்வை, வேறெதுவோ. தெரியாத வாசனை. பிடரி மயிர் சிலிர்த்தது. இத்தனை நாளில் அவளுக்கு முதல்முறையாக உண்மையான பயம்.

தகெயோவும் மூக்கை உயர்த்தினான்.

"யாரு வீட்டுப் புள்ள இது?"

"தெரியலீங்க. மழைக்கு ஒதுங்கி வந்திருக்கும்."

அவன் குழந்தையை இடுப்பில் பிடித்துத் தூக்கினான். முரட்டுத்தனமாய் இல்லை, கவனமாகத்தான். தோட்டத்தைத் தாண்டினான். வேலிக்கு அப்பால் வைத்தான். திரும்பி வந்தான். கண்ணாடிக் கதவைச் சாத்தினான்.

மழை.

சற்று நேரத்தில் கண்ணாடியில் இரண்டு சின்ன உள்ளங்கைகள். நடுவே ஒரு வாய். திறந்தது. மூடியது. திறந்தது.

மணிக்கட்டில் இரண்டு விரல்கள் தட்டின. சிகுசா மென்றுகொண்டே குனிந்தாள்.