டப்பாவுக்குள் டப்பா

இருநூற்று நாற்பது ரூபாய். தையல்கடை அத்தையின் வெட்டு மேசை ஓரத்தில் சாக்குக்கட்டியால் எழுதியிருந்தது. பக்கத்திலேயே ‘குருவி’ என்று கடன்காரியின் பெயரும் இருந்தது.

குருவிக்குப் பதினொரு வயது. ஓரிடத்தில் நிற்க மாட்டாள் என்பதால் தெருவே வைத்த பெயர் அது. போன வாரம் மைப்புட்டியும் கையுமாகக் கடைக்குள் ஓடிவந்து தடுக்கி விழுந்தாள். ஒன்றரை மீட்டர் வெள்ளைத் துணி நீலத் துணியாகிவிட்டது.

அம்மாவிடம் பணம் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. அதனால் அத்தையிடமே பேரம் பேசினாள்.

“உங்க கடைக்கு ஒரு வலைப்பக்கம் செஞ்சு தரேன் அத்தை. ஸ்கூல்ல சொல்லித் தந்திருக்காங்க. கடனுக்குச் சரியாப் போயிடும்.”

முழுசாக வேலை செய்தால்தான் கணக்கு அழியும், அரைகுறைத் தையலுக்குக் கூலி கிடையாது என்று அத்தை சொல்லிவிட்டார்.

பக்கத்தைக் கட்டம் போட்டுப் பிரித்திருந்தாள் குருவி. இடக்கட்டத்தில் மூன்று தலைப்புகள்: தையல், மாதிரிகள், விலை. எதைத் தொடுகிறோமோ அது மட்டும் கீழே தெரியும்; மற்ற இரண்டும் ஒளிந்துகொள்ளும். வலக்கட்டத்தில் கடையின் தொலைபேசி எண்.

அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் ‘விலை’யைத் தொட்டால் வெறும் வெள்ளைதான் வந்தது. தொலைபேசி எண்ணோ தன் கட்டத்தை விட்டு இறங்கி, இடப்பக்கம் அடியில் போய்க் குந்தியிருந்தது.

இரண்டு நாளாகக் கடை மூலையிலிருந்த கணினியில் கட்டங்களின் அகலத்தை மாற்றி மாற்றிப் பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை. இன்றைக்கு நாலு மணிக்கு நாடகக் குழு அக்கா ஒருவர் பக்கத்தைப் பார்க்கப் போகிறார். விலை கட்டுப்படியானால் இருபத்திரண்டு உடைகள் தைக்கக் கொடுப்பார். மணி இப்போதே மூன்றேகால்.

“விலையே இல்லாத கடைன்னு போட்டுடு. சும்மா தைச்சுத் தராங்கன்னு கூட்டம் அள்ளும்,” என்றான் பக்கத்தில் இருந்த அவள் தம்பி.

குருவி முறைத்தாள். அதற்குள் அந்தப் பக்கம் அத்தை கடையையே தலைகீழாகப் புரட்டிக்கொண்டிருந்தார். கொக்கி டப்பாவைக் காணோம். தைக்கக் கொடுத்த உடுப்பை வாங்க வந்த ஓர் அம்மா கைக்குழந்தையோடு காத்திருந்தார். கொக்கி வைப்பது மட்டும்தான் பாக்கி.

குருவி கடிகாரத்தைப் பார்த்தாள். அழத் தயாரான குழந்தையையும் பார்த்தாள். சரி, ஆகிறது ஆகட்டும் என்று எழுந்துபோய் மேசைக்கு அடியில் புகுந்தாள்.

அங்கே பெரிய பட்டன் டப்பா இருந்தது. ஆட்டினால் பட்டன் சத்தத்தோடு இன்னொரு சத்தமும் கேட்டது. மூடியைத் திறந்தாள். உள்ளே சமர்த்தாக உட்கார்ந்திருந்தது கொக்கி டப்பா.

“இடம் அடைக்குதுன்னு காலையில நான்தான் இதுக்குள்ள வச்சேன். மேல மூடினதும் மறந்தே போச்சு,” என்று அத்தை தலையில் தட்டிக்கொண்டார்.

குருவி மூடியும் கையுமாக அப்படியே நின்றாள். பெரிய டப்பாவை மூடினால் உள்ளே இருக்கும் சின்ன டப்பாவும் சேர்ந்து மறைந்துபோகும்.

ஒரே ஓட்டமாகக் கணினிக்கு ஓடினாள். எழுதியதை மேலிருந்து படித்தாள். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு திறக்கும் குறி, ஒரு மூடும் குறி. திறந்தால் ஒரு விரலை மடக்கினாள்; மூடினால் நிமிர்த்தினாள். கடைசியில் ஒரு விரல் மடங்கியே நின்றது.

‘மாதிரிகள்’ பகுதியைத் திறந்தவள் மூடவே இல்லை. ‘விலை’ அதற்குள்ளே மாட்டிக்கொண்டது. மாதிரிகள் ஒளிந்தால் விலையும் கூடவே ஒளிந்தது. ஒரு மூடி குறைந்ததால் கீழே இருந்த மூடிகளெல்லாம் இடம் மாறி, தொலைபேசி எண்ணும் இடக்கட்டத்துக்குள் சிக்கிவிட்டது.

மூடும் குறியைப் போட்டாள். ‘விலை’ பளிச்சென்று வந்தது. மாற்றி வைத்த அகலங்களையும் பழையபடி வைத்தாள். தொலைபேசி எண் நல்ல பிள்ளையாகத் தன் கட்டத்துக்குத் திரும்பியது.

நாலு மணி பத்து நிமிடத்துக்குத் தொலைபேசி அடித்தது.

“சரிம்மா. இருபத்திரண்டும் தைச்சிடலாம்,” என்றார் அத்தை.

பேசி முடித்ததும் இழுப்பறையிலிருந்து அந்த மை பட்ட துணியை எடுத்தார். மேசை ஓரத்தை அழுத்தித் துடைத்தார். இருநூற்று நாற்பது அழிந்துபோனது. ‘குருவி’ என்ற பெயர் மட்டும் அப்படியே இருந்தது.

பெயரை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று தம்பி கேட்டான்.

“இருக்கட்டும்டா. அடுத்து எதைக் கொட்டப்போறாளோ,” என்றார் அத்தை. குருவிதான் முதலில் சிரித்தாள்.