முதுகில் வாள்... குதிகாலில் அட்டை!

"வீல்...!"

கற்பகம் அலறிய அலறலில் கையிலிருந்த ஆம்லெட் தட்டு பறந்தது.

காலை ஒன்பது மணி. விடாத மழை. குமுளிக்கு மேலே ஒரு சின்ன ஊர். பேர் வேண்டாம்... அந்த ஊர் ஸ்டேஷன்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள்! கற்பகம் அங்கே ஹோம்ஸ்டே நடத்துகிறவள். மூன்றாம் நம்பர் அறையில் அவள் பார்த்தது இதுதான்.

தரையில் ஒரு இளைஞன். குப்புறக் கிடந்தான். உடம்பில் தடித்த ஜப்பான் அங்கி. வெறுங்கால். முகம் சுவர்ப்பக்கம். சுற்றிலும் சிவப்பு.

முதுகில்... பிடி வரை இறங்கிய வாள்!

பத்தே நிமிடத்தில் ஜீப் வந்தது. முதலில் இறங்கியவர் எஸ்.ஐ. ஜோபி. ஐம்பது வயது. மீசைக்குத் தினமும் எண்ணெய் போடுகிறவர். பின்னாலேயே போலீஸ்காரி மாரீஸ்வரி. வயது இருபத்தாறு. அவளுடைய எஸ்டேட் லயத்து வீடுகளிலிருந்து காக்கிச் சட்டை போட்ட முதல் பெண்.

"ஆளு யாரு?" என்றார் ஜோபி.

"அத்வைத்துன்னு பேரு சாரே. பாலக்காடு கல்பாத்திப் பையன். ஜப்பான் பொம்மைப் படத்தப் பத்தி நெட்டுல என்னமோ பேசுவானாம். லட்சம் பேரு பாப்பாங்களாம்," என்றாள் கற்பகம்.

மாரீஸ்வரி திடுக்கிட்டுத் திரும்பினாள்.

அத்வைத்...! அந்த அத்வைத்தா?

கட்டிலில் கிடந்த போன் 'டிங்' என்றது. திரை முழுக்கக் கமெண்ட்டுகள். கற்பகம் எட்டிப் பார்த்து உரக்கப் படித்தாள்.

"'ஏலக்காய் சாமுராய்'னு ஒருத்தன் எழுதிருக்கான் சாரே... 'மியோரியோட வாளை எடுத்து உன் முதுகுலயே சொருகுவேன்டா!' அடப்பாவி! அதுக்குக் கீழ 'தாத்தா நிஞ்ஜா'ன்னு இன்னொருத்தன்... 'சொருகு மகனே! குழி நான் தோண்டறேன்!'"

ஏலக்காய் சாமுராய் 'ஒருத்தன்' அல்ல. ஒருத்தி!

நேற்று மத்தியானம், வலது கையால் பரோட்டாவைப் பிய்த்தபடி இடது கையால் அதை டைப் அடித்தவள் சாட்சாத் மாரீஸ்வரியேதான்.

விஷயம் இதுதான். 'சிவப்புக் கொக்கு' என்று ஒரு அனிமே. நாயகி மியோரி, அரண்மனைக் காவல்காரி. மூன்று சீசன் வாள் வீசியவள், போன வாரம் கடைசி எபிசோடில் கல்யாணம் கட்டிக்கொண்டு வாளைப் பரண்மேல் போட்டுவிட்டாள். இணையம் இரண்டாகப் பிளந்தது! அத்வைத்தோ 'ஆஹா' என்று கொண்டாடி இருபது நிமிட வீடியோ விட்டான். 'பொண்ணுன்னா கடைசியிலே வாளைக் கீழே வெக்கறதுதான் அழகு' என்று முடித்தான்.

அதே வாரம்தான் மாரீஸ்வரியைப் பெண் பார்க்க தேனியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். 'கல்யாணத்துக்கு அப்புறம் இந்தப் போலீஸ் வேலையெல்லாம் வேண்டாம்' என்று சொல்லிவிட்டு, இரண்டாம் தடவை கேசரி கேட்டு வாங்கித் தின்றார்கள். அந்தக் கோபமெல்லாம் அத்வைத் தலையில் விடிந்தது. இந்தச் சட்டைக்காக எத்தனை காலை எஸ்டேட் ரோட்டில் மூச்சிரைக்க ஓடியிருப்பாள்! இப்போது ஒரு கமெண்ட்டால் சட்டையும் போகும், ஆளும் உள்ளே போவாள். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"எடோ மாரீ..." ஜோபி கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். அந்தக் குளிரிலும் வியர்வை! "எனக்குத் தோணறது... இது தற்கொலையாக்கும்."

"ஆமா சார்! தற்கொலையேதான்!"

கற்பகம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"முதுகுலயா சாரே குத்திக்கிட்டான்?"

"வாளை நட்டு வச்சு அதுமேல மல்லாக்க விழுந்திருப்பான்," என்றாள் மாரீஸ்வரி. "அப்புறமாக் குப்புறத் திரும்பிப் படுத்திருப்பான்."

"செத்தப்புறமா?"

"உறுத்தியிருக்கும்ல!"

ஜோபியின் போன் அலறியது. மேலதிகாரி! ஹோம்ஸ்டேக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் கற்பகம் அந்தக் கமெண்ட்டுகளையும் சேர்த்து ஏற்கெனவே ஒப்பாரி வைத்துவிட்டிருந்தாள். விஷயம் மேலிடம் வரை போயிருந்தது.

"அந்த ரெண்டு அக்கவுண்ட்டும் யாருன்னு சைபர் செல் பதினோரு மணிக்குள்ள சொல்லிடும்! டாக் ஸ்குவாட் வர்ற வரைக்கும் பாடியை ஒருத்தரும் தொடக்கூடாது!"

பதினோரு மணி...! அதற்குள் நிஜக் கொலைகாரன் சிக்க வேண்டும். இல்லையென்றால் சிக்கப்போவது மாரீஸ்வரி.

அறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். ஜன்னல் உள்தாழ். கட்டிலுக்கடியில் ஒன்றுமில்லை. ஒரு தடயமும் இல்லை!

மணி பத்து. கடைசியில் பிணத்தையே பார்த்தாள். குதிகாலில் ஒரு அட்டை. வந்தபோதே அதைக் கவனித்திருந்தாள். மழைக்காலத்தில் அட்டை ஏறாத கால் அந்த ஊரில் ஏது? ஆனால் அப்போது அது நூல்போல இருந்தது. இப்போது நாவல்பழம் சைஸ்!

தேயிலைக்குள் பிறந்து வளர்ந்தவள் அவள். கணக்கில்லாத அட்டைக்கடி வாங்கியவள்.

"சார்... பொணத்துல ரத்தம் ஓடாதுல்ல?"

"அதெப்படி ஓடும்?"

"அப்ப இந்த அட்டை யாரு ரத்தத்தக் குடிச்சு இம்புட்டு வீங்குச்சு?"

ஜோபி குனிந்தார். கண்கள் விரிந்தன.

"தொடக்கூடாதுன்னு ஆர்டர் உண்டு, மாரீ..."

"நான் தொடலயே சார்!"

ஆம்லெட்டோடு பறந்த உப்பு டப்பா மூலையில் கிடந்தது. எடுத்தாள். குதிகாலில் கவிழ்த்தாள். அட்டை சுருண்டு விழுந்தது. மிச்ச உப்பு கடிவாயில் இறங்கியது.

"அய்யோ அம்மா...! எரியறதே!"

பிணம் எழுந்து ஒற்றைக்காலில் குதித்தது! அங்கிக்குள் கட்டியிருந்த பலகையோடு அரை வாள் கழன்று விழுந்தது. கற்பகம் இன்னொரு முறை அலறினாள். முதல் அலறலைவிட இது நன்றாக இருந்தது.

"அடிச்சுடாதேங்கோ!" அத்வைத் கையெடுத்துக் கும்பிட்டான். "நெட்டுல சும்மா கொல்லுவேன் கொல்லுவேன்னு எழுதறாளே... நெஜமாவே செத்தா என்ன ஆறதுன்னு பாக்கறதுக்கு ஒரு சோஷியல் எக்ஸ்பெரிமெண்ட்! அதோ, திரைச்சீலைக்குப் பின்னாடி கேமரா. மாமி அலறினதும் எழுந்துக்கறதாத்தான் இருந்தேன். அதுக்குள்ளே போலீஸுக்குச் சொல்லிட்டா. நேக்கு பயமாயிடுத்து!"

"ஒரு மணி நேரமா பயந்து கெடந்தியா?"

"நீங்கதான் தற்கொலைன்னு எழுதிண்டு போயிடறாப்பல இருந்தேளே! போனப்புறம் நழுவிடலாம்னு பாத்தேன்!"

மாரீஸ்வரி அவன் அங்கியைக் கொத்தாகப் பிடித்தாள்.

"வாளைக் கீழ வைக்கிறதுதான் அழகாடா? அந்த வாளுக்காக அவ மூணு சீசனா எம்புட்டு அடி வாங்குனா! அது அவ பொழப்புடா! அத விடச் சொல்ல நீ யாருடா?"

சொல்லி முடித்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஜோபி அவளையே உற்றுப் பார்த்தார். பிறகு கேமராவின் மெமரி கார்டைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

"தரையெல்லாம் நன்னாரி சர்பத்து! யாரு தொடைப்பா? வாடா, வாளியத் தூக்கு!" கற்பகம் அத்வைத்தை இழுத்துக்கொண்டு வெளியே போனாள்.

போன் அலறியது. ஜோபி அவசரத்தில் ஸ்பீக்கரை அழுத்திவிட்டார்.

"சார், சைபர் செல் ஜிஸ்மி பேசறேன். ஏலக்காய் சாமுராய், தாத்தா நிஞ்ஜா... ரெண்டு பேரும் ஒரே ஒய்ஃபைலதான் எழுதியிருக்காங்க."

"எ... எந்த ஒய்ஃபை?"

"உங்க ஸ்டேஷன் ஒய்ஃபை, சார்!"

மாரீஸ்வரி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். முடிந்தது. சட்டை போனது...!

"சார்... அது நான்தான்..."

"மிண்டாதே, வாயை மூடு!" ஜோபி சீறினார். போனில் குரலைக் குழைத்தார். "மோளே, எங்க ஒய்ஃபைக்குப் பாஸ்வேர்டே கிடையாது. பஸ்ஸுக்கு நிக்கற அத்தனை பேரும் அதுலதான் படம் பாக்கறான். பின்னே, பிணம் எழுந்து தரை துடைக்கப் போயிருக்கு. கேஸ் க்ளோஸ்!"

கட் செய்தார்.

மாரீஸ்வரி மெல்லக் கண்ணைத் திறந்தாள்.

"ரெண்டுல ஒண்ணு நான் சார். அப்ப அந்தத் தாத்தா நிஞ்ஜா...?"

ஜோபி மீசையைத் தடவினார்.

"'சிவப்புக் கொக்கு'ல அந்த மீசைக்காரத் தளபதி இருக்காரே... அவரை ஜோக்கர்னு சொன்னான் இவன். எனக்குச் சகிக்கல்லை, மாரீ!"

ஜீப் கிளம்பியது. மாரீஸ்வரி அம்மாவுக்குப் போன் போட்டாள். "தேனிக்காரவுகள்ட்டச் சொல்லிரும்மா. நான் வாளைக் கீழ வைக்க மாட்டேன்." 'எந்த வாளுடி?' என்ற அம்மாவின் கூச்சல் ஜோபிக்கே கேட்டது.

"ஆத்யம்... முதல் வேலையா அந்த ஒய்ஃபைக்கு ஒரு பாஸ்வேர்டு போடணும்," என்றார் ஜோபி.

"என்ன போட சார்?"

"'தற்கொலை'ன்னு போடு. நம்ம ரெண்டு பேரைத் தவிர வேற எவனுக்கும் அது தோணாது!"