பொற்கொடியின் கால்வலி

காலையில் பல் துலக்குவதற்கு முன் சுவரிலுள்ள குழிக்குள் இரண்டு கால்களையும் நுழைத்து நிற்பது செவ்வாயின் தென்முனைக் குடியிருப்பில் வழக்கம். இரத்தக் குழாய்களுக்குள் ஓடித் திரியும் நுண்ணோடிகள் என்ற கண்ணுக்குத் தெரியாத இயந்திரங்கள், இரவெல்லாம் பார்த்ததைச் சுவரிடம் ஒப்பித்துவிடும். சுவருக்குள் இருக்கும் பிணிநோக்கி தேன் குரலில் பலன் சொல்லும். அது வந்த பிறகு குடியிருப்பில் மருத்துவர் என்று ஒருவரும் கிடையாது. கைராசி தேடி அலைவது, டோக்கன் வாங்கிக் காத்துக்கிடப்பது எல்லாம் பூமியோடு ஒழிந்தன என்று பெருமையடித்துக்கொண்டார்கள்.

பாசிப் பண்ணையில் வேலை பார்த்த பொற்கொடிக்கு ஐம்பது தாண்டியிருந்தது. சில மாதங்களாக இடது கால் ஈரச் சாக்கைப் போலக் கனத்தது. படுத்தால் பாதம் எரிந்தது. வயதுக்கேற்ற அசதிதான், கவலையைக் குறைத்துக்கொள்ளுங்கள் அம்மா என்று பிணிநோக்கி தினமும் ஒரே பாட்டைப் பாடியது. அவளும் எதைக் குறைப்பது என்று தெரியாமல் வேலைக்குப் போனாள்.

அவள் கணவர் மாசிலாமணிக்கு ஒருநாள் நடக்கும்போது கெண்டைக்காலைச் சுண்டி இழுத்தது. மறுநாள் குழிக்குள் கால் வைத்ததும் பிணிநோக்கி அலறியது. தமனியில் அடைப்பு! அன்று மதியமே நுண்ணோடிகள் அடைப்பைக் கரைத்துக் குழாயை விரித்துவிட்டன. அவர் படுத்திருந்த நாளெல்லாம் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தது பொற்கொடிதான், அந்தக் காலோடு.

பிணிநோக்கிக்கு யார் மீதும் வன்மம் கிடையாது. செவ்வாயில் முதலில் இறங்கியவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். அவர்கள் கால்களைப் பார்த்துத்தான் அது பாடம் படித்தது. நடந்தால் கெண்டைக்கால் இழுக்க வேண்டும், நின்றால் விட வேண்டும், அப்படியிருந்தால்தான் அடைப்பு. பெண்ணின் குழாய் பிறவியிலேயே ஒடுக்கம், அங்கே அடைப்பு பல நேரம் வேறு வேஷத்தில் வரும் என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பெண் காலில் இரத்தம் குறைவாக ஓடினால், பெண் என்றால் அப்படித்தான் என்று தானாகவே முடிவு கட்டிக்கொண்டது.

பொற்கொடியின் பெருவிரல் கறுக்கத் தொடங்கியது. மாசிலாமணி தன் அடையாளப் பட்டையைக் கழற்றி அவள் மணிக்கட்டில் மாட்டினார்.

"என் பேர்ல போய் நில்லு. அதுக்கு ஆம்பள கால்னாத்தான் காது கேக்கும் போல."

"தப்பில்லையாங்க?"

"கால் போறத விடவா?"

அவள் குழிக்குள் கால் வைத்ததும் பிணிநோக்கி அலறியது. ஐயா, உங்கள் கால் ஆபத்தில் இருக்கிறது என்றது. தன் வலியை அது நம்பிவிட்டது என்ற நிம்மதியில் பொற்கொடி அழுதாள்.

நுண்ணோடிகள் அடைப்பைக் கரைத்தன. அதோடு நிறுத்தியிருந்தால் கால் பிழைத்திருக்கும். ஆனால், ஓர் ஆணின் குழாய் இவ்வளவு ஒடுக்கமாக இருக்கலாமா என்று எண்ணிய பிணிநோக்கி, அதை மாசிலாமணியின் அளவுக்கு விரிக்கச் சொன்னது. குழாய் கிழிந்தது. காலை முட்டிக்கு மேலே எடுக்க வேண்டியதாயிற்று.

குடியிருப்பு கொதித்தது. இயந்திரத்துக்கு வலியைப் பற்றி என்ன தெரியும், எங்களுக்கு மனிதர் வேண்டும் என்று கூட்டம் போட்டு முழங்கினார்கள். சுவர்க்குழிகளைப் பூசி மூடினார்கள். நெடும்பயணம் செய்து, பூமியிலிருந்து இரத்தமும் சதையுமாக ஒரு மருத்துவர் வந்து இறங்கினார். மாலை போட்டு வரவேற்றார்கள். முதல் ஆளாகப் பொற்கொடியைத்தான் அனுப்பினார்கள்.

அவளுடைய வலது கால் இப்போது கனக்க ஆரம்பித்திருந்தது. மிச்சமிருக்கும் ஒரே கால். இதுவும் போனால் செத்துவிடலாம் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. கனப்பதை, எரிவதை, தூக்கம் போனதை ஒன்றும் விடாமல் சொன்னாள். மருத்துவர் நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பொறுமையாகக் கேட்டார். ஒரு மனிதர் கேட்கிறாரே என்று, சொன்னதையே இன்னொரு முறையும் சொன்னாள்.

அவர் காலைத் தொட்டுப் பார்க்கவில்லை. கனிவாகத் தலையசைத்துவிட்டு, அவளோடு வந்திருந்த மாசிலாமணியின் பக்கம் திரும்பினார்.

"ஒண்ணுமில்ல சார். இந்த வயசுல லேடீஸுக்கு இதெல்லாம் வரும். வீட்ல ஏதாவது பிரச்சனையா?"