அறையில் இன்னொருத்தி

நைட் ஷிப்ட் முடித்து வல்லக்கோட்டை சாலையில் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே இசைவாணிக்கு எரிச்சல் தலைக்கேறியிருந்தது. ஹாஸ்டல் கேட்டில் வார்டன் கோமதியம்மாள் வழிமறித்து நின்றாள்.

"இன்னாம்மா, இன்னிக்காவது உன் பரீட்ச முடியுமா? இல்ல, தூங்கற பொண்ணுங்கள மறுபடியும் எழுப்பி வெளிய தள்ளப் போறியா?"

"முடியும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிவிட்டுப் படியேறினாள்.

கம்ப்யூட்டர் சயின்ஸில் பட்டம் வாங்கிவிட்டு, ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலை லைனில் நின்று சார்ஜர் போர்டுக்கு ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டிருப்பவளுக்குக் கோபம் வராமல் வேறென்ன வரும்? காண்டிராக்ட் இந்த மாதத்தோடு முடிகிறது. ஜாவா சான்றிதழ்த் தேர்வில் தேறுகிற பெண்ணை மாடியிலிருக்கும் சாப்ட்வேர் பிரிவுக்கு எடுத்துக்கொள்வதாக எச்.ஆர். சொல்லியிருந்தார்கள். தேறாவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு மதுராந்தகத்துக்குப் போய், கல்யாணத்துக்குத் தலையை நீட்ட வேண்டியதுதான். அதனால் டீ இடைவேளையில் படித்தாள், பஸ்ஸில் நின்றபடி படித்தாள், ஓவர்டைம் பார்த்து இமை ஒட்டுகிற நேரத்திலும் முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டு படித்தாள்.

தேர்வு ஆன்லைனில். லேப்டாப் கேமரா வழியாக எங்கோ ஓர் ஊரிலிருந்து ஒருவர் கண்காணிப்பார். அறையில் எழுதுகிறவளைத் தவிர ஈ காக்கை இருக்கக்கூடாது என்பது சட்டம். ஏற்கெனவே இரண்டு முறை தேர்வு ரத்தாகியிருந்தது. இரண்டு முறையும் ஒரே காரணம்தான் சொன்னார்கள்: அறையில் இன்னொருவர் இருக்கிறார். இன்றைக்கும் ரத்தானால் இனி வாய்ப்பில்லை.

ரூம்மேட் ஜோதிதான் உள்ளே எட்டிப் பார்த்துக் கெடுத்தாள் என்று இசைவாணி அவளோடு பேச்சையே நிறுத்தியிருந்தாள். அப்படியும் இன்றைக்கு ஜோதியேதான் எல்லோரையும் மொட்டை மாடிக்கு அனுப்பிவிட்டு, வாசல்படியில் காவலுக்கு உட்கார்ந்தாள்.

இசைவாணி கதவைத் தாழ் போட்டாள்.

நடுப்பகல்தான். ஆனால் அந்த அறைக்குப் பகல் கிடையாது. நைட் ஷிப்ட் பெண்கள் தூங்குவதற்காக ஜன்னலைக் கறுப்புத் துணியால் மூடி, ஓரமெல்லாம் டேப் ஒட்டியிருந்தார்கள். இரும்புக் கட்டில்கள் இருட்டில் வரிசையாகக் கிடந்தன. மூலையிலிருந்த அவளுடைய கட்டில் மட்டும், வெளியே எவ்வளவு வெயில் அடித்தாலும் சில்லென்றே இருக்கும். எங்கோ ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. கட்டிலுக்கு முன்னாலிருந்த மேஜையில் லேப்டாப்பைத் திறந்தாள்.

கண்காணிப்பவர் திரையின் ஓரத்தில் ஆங்கிலத்தில் எழுதினார். அடையாள அட்டை கேட்டார். காட்டினாள்.

பிறகு ஒரு வரி வந்தது. 'உங்களுக்குப் பின்னால் இருக்கும் பெண்ணை வெளியே போகச் சொல்லுங்கள்.'

திரும்பிப் பார்த்தாள்.

யாருமில்லை.

லேப்டாப்பைத் தூக்கி நாலு சுவரையும், கட்டிலின் அடியையும் காட்டினாள்.

'கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இப்போது எழுந்துவிட்டார்.'

கருகல் வாடை அடித்தது. லைனில் போர்டு தீய்ந்தால் வருமே, தொண்டையைப் பிடிக்கிற வாடை, அதே வாடை.

'உங்கள் தோளுக்கு மேலாகத் திரையைப் படித்துக்கொண்டிருக்கிறார்.'

கழுத்தோரம் யாரோ மூச்சு விட்டார்கள். அந்த மூச்சில் சூடே இல்லை.

'சற்று நேரம் தருகிறேன். அதற்குள் அவர் போகாவிட்டால் தேர்வு ரத்து.'

இசைவாணி கதவை அறைந்து திறந்து ஜோதியின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "யாருடி அது? என் கட்டில்ல யாரு ஒக்காந்துகினு கீறது? நெசத்த சொல்லு!"

ஜோதியின் முகம் வெளுத்துப்போனது.

"கலைமதி" என்றாள், மாடியிலிருப்பவர்களுக்குக் கேட்காத குரலில். "உனக்கு முன்னாடி அந்தக் கட்டில் அவளுது. அவளும் இதே எக்ஸாமுக்குத்தான் ராவும் பகலும் படிச்சிகினு இருந்தா. எக்ஸாமுக்கு மொத நாளு நடந்துச்சி. லைன்ல மூடி திறந்தா மிஷின் நிக்கணும்ல, டார்கெட் கொறையுதுன்னு நம்ம சூப்பர்வைசர் சிவசங்கர் மிஷின் நிக்காம ஓடட்டும்னு அந்த மூடி சென்சார் மேல டேப்ப ஒட்டி வெச்சிருந்தாரு. சிக்கின போர்ட எடுக்க இவ கைய வுட்டா. ஷாக் அடிச்சி தூக்கிப் போட்டுடிச்சி."

"அப்பறம்?"

"ஷிப்ட்டு நடுவுல ஆளு செத்தா விசாரணை வரும்ல. ரெண்டு பேர வுட்டு அவள கேட்டாண்ட தூக்கியாரச் சொன்னாரு. வெளிய போறப்போ மூஞ்சியக் காட்டி பஞ்ச் பண்ணுவோமே, அந்த மிஷினுக்கு முன்னாடி நிக்க வெச்சி..." ஜோதி தன் தாடையைத் தானே தொட்டுக்கொண்டாள். "தலை தொங்கிச்சி. அவரே தாடையப் புடிச்சி, மூஞ்சியத் தூக்கிக் காட்டினாரு. உசுரு இருந்துச்சா இல்லியான்னு தெரியாது. கண்ணு மட்டும் தொறந்திருந்துச்சி. 'கலைமதி, நன்றி'ன்னு மிஷின் சொல்லிச்சி. வேன்ல ஏத்திட்டு, ஹாஸ்டலுக்குப் போற வழியில மயங்கி விழுந்துட்டான்னு கதைய முடிச்சிட்டாங்க."

"நீ பாத்துகினா நின்ன?"

"நின்னேன். லைனே பாத்துகினு நின்னுச்சி."

இசைவாணிக்கு ஜோதியை ஓங்கி அறையலாம் போலிருந்தது. தானும் அந்த வரிசையில் இருந்திருந்தால் வாயைத் திறந்திருப்போமா என்று தோன்றியதும், கோபம் போக இடமில்லாமல் தன் மேலேயே திரும்பியது. உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

கருகல் வாடை இப்போது அறை முழுவதும் நிறைந்திருந்தது.

"கலைமதி." குரல் உடைந்தாலும் அவள் நிறுத்தவில்லை. "எனக்கும் உன்ன மாதிரிதான் எரியுது. ஆனா என் பரீட்சையக் கெடுத்தா உனக்கு இன்னா கெடைக்கும்? நானும் அந்த லைன்லதான் நிக்கிறேன். உன்ன அப்பிடி செஞ்சவன் டெய்லி ஷிப்ட்டு முடிஞ்சதும் கைய வீசிகினு வூட்டுக்குப் போறான். அவங்கிட்ட போ. அந்த கேட் மிஷினாண்ட போய் நில்லு. போ!"

கட்டிலின் கம்பிகள் கிரீச்சிட்டன.

டேப் ஒட்டிய ஜன்னல் துணி ஒருமுறை உள்ளே இழுபட்டு, மெல்ல வெளியே உப்பியது.

வாடை அடங்கியது.

'நன்றி, அவர் போய்விட்டார்' என்று திரையில் வரி வந்தது. சற்றுப் பொறுத்து இன்னொன்று: 'கேட்கக்கூடாதுதான். அவர் ஏன் அவ்வளவு கோபமாக இருந்தார்?'

இசைவாணி கேள்விகளைத் திறந்தாள். வெறி பிடித்தவள் போல எழுதினாள். முடித்த கையோடு 'தேர்ச்சி' என்று வந்தபோது சிரிப்பு வரவில்லை. மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுது தீர்த்தாள்.

மறுநாள் காலையில் நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி கேட்டில் வரிசை நின்றது. வெயில் ஏறியிருந்தது. சிவசங்கர் வழக்கம்போல, "நகரு, நகரு" என்று பெண்களை ஒதுக்கிவிட்டு முன்னால் போய் பஞ்ச் மெஷினுக்கு முகத்தைக் காட்டினார்.

"கலைமதி. நன்றி."

வரிசை அப்படியே உறைந்தது. அந்தப் பெயரை மெஷினிலிருந்து எப்போதோ அழித்திருந்தார்கள். கேட் திறக்கவில்லை.

அவர் கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி நின்றார்.

"கலைமதி. நன்றி."

செக்யூரிட்டி மாரிமுத்து ஓடிவந்து தன் முகத்தைக் காட்டினார். "மாரிமுத்து. நன்றி." கேட் திறந்து மூடியது. சிவசங்கர் நின்றார். மறுபடியும் அவள் பெயர்தான் வந்தது.

அவர் உதடெல்லாம் வெளுத்திருந்தது. வரிசையில் முதலாவதாக நின்றவள் இசைவாணி.

"இன்னாடி பாத்துகினு நிக்கற? அந்த பிளக்கப் புடுங்கு!"

"என் ஷிப்ட்டு முடிஞ்சிடிச்சி சார்" என்று சொல்லி அவள் கையைக் கட்டிக்கொண்டாள். பக்கத்தில் ஜோதியும் கட்டிக்கொண்டாள். பின்னால் ஒருத்தியும் அசையவில்லை.

பிளக்கைப் பிடுங்கியது மாரிமுத்துதான். மெஷின் இருண்டது. சிவசங்கர் திரும்பிப் பின்வாங்கப் பார்த்தார். முடியவில்லை. காலிரண்டும் தரையில் இழுபட, மறுபடி மெஷினுக்கு முன்னால் போய் நின்றார்.

தலை தொங்கியது.

கருகல் வாடை அடித்தது.

யாருடைய கையும் அருகில் இல்லை. அவருடைய தாடை மட்டும் மெல்ல, மெல்ல மேலே தூக்கப்பட்டது. கண் திறந்தே இருந்தது.

கரன்ட் இல்லாத மெஷின் சொன்னது:

"கலைமதி. நன்றி."