லீடரின் தும்மல் முகம்

சில்வண்டுக்கு அந்தப் பெயரை யார் வைத்தார்கள் என்று வகுப்பில் யாருக்கும் நினைவில்லை. ஏன் வைத்தார்கள் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். அவள் வாய் ஓயாது. கணக்குப் பாடத்தில் பேசுவாள், வரிசையில் நிற்கும்போது பேசுவாள், பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால் தண்ணீர் பாட்டிலோடு பேசுவாள்.

ஆனால் அந்தப் புதன்கிழமை அவள் பேசவில்லை. தொண்டை கட்டியிருந்தது. வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது. டீச்சர் வெளியே போயிருந்த பத்து நிமிடமும் சும்மாதான் உட்கார்ந்திருந்தாள். அப்படியும் கரும்பலகையில் 'பேசியவர்கள்' என்று எழுதி, அதன் கீழே முதல் பெயராக அவள் பெயரைப் போட்டான் வகுப்பு லீடர்.

கேட்டீர்களா இந்த அநியாயத்தை?

"நான் பேசலை டீச்சர்" என்று சொல்லப் பார்த்தாள். சத்தம் வந்தால்தானே! விளையாட்டு வகுப்பு முழுவதும் வெளியே நிற்கச் சொல்லிவிட்டார் டீச்சர். அன்றைக்குத்தான் தொடர் ஓட்டத்துக்கு நான்கு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். வகுப்பிலேயே வேகமாக ஓடுகிறவள் தூணைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தாள்.

"இரு, உனக்கு வெச்சிருக்கேன்" என்று மனத்துக்குள் கறுவிக்கொண்டாள்.

இரண்டே நாளில் வேளை வந்தது. சில்வண்டின் அம்மா போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். பள்ளி அடையாள அட்டைகளுக்கு அவர்தான் படம் எடுத்திருந்தார். ஆளுக்கு இரண்டு படம். நன்றாக இருப்பதைத் தேர்ந்தெடுத்து அச்சடிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை, வீறிட்டு அழுத ஒரு குழந்தையைச் சிரிக்க வைக்க அம்மா கிலுகிலுப்பையோடு போராடிக்கொண்டிருந்தார்.

"ஏண்டி, சும்மாதானே இருக்கே? உங்க வகுப்புப் படத்தை எல்லாம் பார்த்து, நல்லதா ஒவ்வொண்ணு எடுத்து வை" என்றார்.

சில்வண்டு கணினி முன்னால் உட்கார்ந்தாள். எல்லோருக்கும் பார்த்துப் பார்த்துத்தான் எடுத்தாள். கண் மூடியிருந்ததை ஒதுக்கினாள். தலை சாய்ந்திருந்ததை ஒதுக்கினாள். பதினெட்டாவதாக லீடர் வந்தான்.

முதல் படத்தில் மிடுக்காக இருந்தான். இரண்டாவதில் அவனுக்குத் தும்மல் வரப்போகிறது. ஒரு கண் மூடியிருந்தது. இன்னொரு கண் கூரையைப் பார்த்தது. மூக்கு விரிந்து, வாய் 'ஆ' என்று பிளந்திருந்தது.

சில்வண்டு இரண்டாவது படத்தில் ஒரு தட்டுத் தட்டினாள். தீர்ந்தது கணக்கு! வருஷம் முழுக்க அந்த மூஞ்சியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரியட்டும்.

சனிக்கிழமை காலையில் அம்மா அட்டைகளை அச்சடித்து, வெட்டி, மேலே பிளாஸ்டிக் உறை ஒட்டினார். மகள்தான் பார்த்துவிட்டாளே என்று ஒரு முகத்தையும் அவர் உற்றுப் பார்க்கவில்லை. பெட்டியைப் பள்ளி அலுவலகத்தில் கொடுத்துவிட்டும் வந்துவிட்டார்.

அன்று மதியம் கடைக்கதவைத் தள்ளிக்கொண்டு லீடர் வந்து நின்றான்.

"ஆன்ட்டி, என் படம் எப்படி வந்திருக்கு?"

"ஏம்ப்பா, இவ்வளவு கவலை?"

"போன வருஷ அட்டையில கண்ணை மூடிட்டேன் ஆன்ட்டி. வருஷம் முழுக்க எல்லாரும் 'தூங்குமூஞ்சி'ன்னே கூப்பிட்டாங்க. அதான் இந்தத் தடவை ஒரு வாரம் கண்ணாடி முன்னாடி நின்னு பழகிட்டு வந்தேன்."

அம்மா சிரித்தார். "உன் படத்தை என் பொண்ணுதான் எடுத்து வெச்சா. அப்புறம் என்ன, தைரியமா போ!"

லீடர் சில்வண்டைப் பார்த்தான். "ரொம்ப தேங்க்ஸ்" என்றான். துள்ளிக்கொண்டு போய்விட்டான்.

அவ்வளவுதான். சில்வண்டுக்கு இருப்புக் கொள்ளவில்லை. போன வருஷம் 'தூங்குமூஞ்சி' என்று கூப்பிட்டவர்களில் அவளும் ஒருத்தி. அம்மாவிடம் சொல்லிவிடலாம் என்று நாலு தடவை பக்கத்தில் போனாள். நாலு தடவையும் "என்னடி?" என்றார் அம்மா. "ஒண்ணுமில்லை" என்று திரும்பினாள். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தாள், எழுந்தாள், வாசலுக்கும் அறைக்கும் நடந்தாள். சாப்பாடு இறங்கவில்லை. மறுபடி தொண்டை கட்டிவிட்டதோ என்று அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

திங்கள்கிழமை முதல் ஆளாகப் பள்ளிக்கு ஓடினாள். அலுவலகம் பூட்டியிருந்தது. திறப்பதற்குள் மணி அடித்துவிட்டது.

வகுப்பில் டீச்சர் சொன்னார்: "லீடர், அலுவலகத்துல அடையாள அட்டைப் பெட்டி இருக்கு. போய் எடுத்துட்டு வா."

சில்வண்டு துள்ளி எழுந்தாள். "டீச்சர், நானும் போறேன்! பெட்டி ரொம்பக் கனமா இருக்கும்!"

பெட்டி ஒரு சாப்பாட்டு டப்பா அளவுதான் இருந்தது.

வராந்தாவில் திரும்பி வரும்போது லீடர் மூடியில் கை வைத்தான். "என் படத்தை மட்டும் பார்த்துடறேன்."

"திறக்காதே!"

"ஏன்?"

சில்வண்டு பெட்டி மூடியை அழுத்திப் பிடித்தாள். "உன் படம் நல்லா இல்லை. நல்ல படம் இன்னொண்ணு இருந்துச்சு. நான்தான் வேணும்னே இதை எடுத்து வெச்சேன்."

லீடர் பெட்டியைத் திறந்தான். அட்டைகளைத் தள்ளித் தள்ளித் தன்னுடையதை எடுத்தான். பார்த்தான். அவன் காது இரண்டும் சிவந்துவிட்டன.

"நான் உனக்கு தேங்க்ஸ் வேற சொன்னேன்" என்றான்.

சில்வண்டுக்கு அழுகை முட்டியது. "நீ மட்டும்? புதன்கிழமை எனக்குத் தொண்டை கட்டியிருந்துச்சு. பேசவே முடியலை. என் பேரை முதல்ல எழுதினே. எனக்கு ஓட்டமே போச்சு!"

லீடர் தரையைப் பார்த்தான். "எப்பவும் நீதானே பேசுவே. அதான் திரும்பிக்கூடப் பார்க்காம எழுதிட்டேன்."

வகுப்பிலிருந்து இரைச்சல் கேட்டது. எல்லோரும் அட்டைக்காகக் காத்திருந்தார்கள்.

சில்வண்டு பெட்டிக்குள் கையை விட்டுத் தன்னுடைய அட்டையை எடுத்தாள். இரண்டு அட்டைகளையும் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

"சாயங்காலம் கடைக்கு வா. உன் படத்தை நீயே எடுத்துக்கோ. என் படத்தையும் ரெண்டுல ஒண்ணா நீயே எடு. எவ்வளவு கேவலமா இருந்தாலும் பரவாயில்லை. அதையே வருஷம் முழுக்க மாட்டிக்கறேன்."

"நிஜமாவா?"

"நிஜமா."

டீச்சரிடம் அவளே போய்ச் சொன்னாள்: "டீச்சர், ரெண்டு அட்டையை மாத்தணும். தப்பு என்னுது. நாளைக்குக் கொண்டு வந்துடறேன்."

மாலையில் அம்மாவிடமும் சொன்னாள். அம்மா திட்டவில்லை. கேமராவைத் துடைத்த துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "நான் உன்னை நம்பி ஒரு முகத்தைக்கூடப் பார்க்கலையேடி" என்றார். இதற்கு நாலு அடி வாங்கியிருக்கலாம் என்று சில்வண்டுக்குத் தோன்றியது.

லீடர் வந்தான். தன் படத்தைத் தேர்ந்தெடுக்க அவனுக்கு ஒரு நொடி போதுமாயிருந்தது. அடுத்துச் சில்வண்டின் படங்கள் திரையில் வந்தன. ஒன்றில் சமர்த்தாக, உதட்டை மூடிப் புன்னகை செய்தாள். இன்னொன்றில் நாக்கு வெளியே துருத்தியிருந்தது, கண் இரண்டும் மூக்கைப் பார்த்தன. அது அவ்வளவு மோசமாக இருந்தது அவளுக்கே மறந்துபோயிருந்தது.

லீடர் முதல் படத்தைப் பார்த்தான். இரண்டாவதைப் பார்த்தான். மறுபடி முதலாவதற்குப் போனான்.

சில்வண்டு முக்காலியை இங்கிருந்து அங்கே வைத்தாள். அங்கிருந்து இங்கே வைத்தாள். "சீக்கிரம் எடுத்துத் தொலையேன்!"

"என் படத்தை நீ எவ்வளவு நேரம் பார்த்து எடுத்தே?"

"ஒரு தட்டு."

"நான் அப்படி எல்லாம் இல்லை. திரும்பிப் பார்த்துட்டுத்தான் எழுதுவேன் இனிமே. புதன்கிழமை விஷயத்தை விளையாட்டு சார்கிட்ட சொல்லிட்டேன். நாளைக்கு உன்னை ஓடிக் காட்டச் சொன்னார். இடம் கிடைக்குமான்னு எனக்குத் தெரியாது."

சில்வண்டுக்குப் பேச்சு வரவில்லை. இந்தத் தடவை தொண்டை நன்றாகத்தான் இருந்தது.

லீடர் நாற்காலியைத் திருப்பினான். "ஆன்ட்டி, ரெண்டுமே வேணாம். புதுசா ஒண்ணு எடுங்க."

"ஏம்ப்பா, முதல் படத்துல நல்லாத்தானே இருக்கா?" என்றார் அம்மா.

"நல்லாத்தான் இருக்கா. ஆனா வாய் மூடியிருக்கே ஆன்ட்டி! இது அடையாள அட்டை. அதைப் பார்த்தா இவதான்னு யாருக்குத் தெரியும்?"

"டேய்! உன்னை...!" என்று பாய்ந்தாள் சில்வண்டு.

பளிச் என்று வெளிச்சம் அடித்தது. அம்மா கேமராவுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டி, "இது நல்லா வந்திருக்கும்" என்றார்.

சில்வண்டு ஓடிப்போய்ப் பார்த்தாள். முடி பறக்க, பல் முப்பத்திரண்டும் தெரிய, சண்டை போட்டுக்கொண்டே சிரித்துக்கொண்டிருந்தாள். வகுப்பிலேயே கத்துகிற அடையாள அட்டை அவளுடையதுதான். வருஷம் முழுக்க அதை ஒரு நாள்கூட அவள் சட்டைப் பைக்குள் மறைத்து வைக்கவில்லை.